ரசஞ்சோறு போதுமா?

டயட்டீஷியனிடம் வருகிறவர்கள் நாற்காலியில் உட்கார்ந்ததும் கேட்பது, "எதையெல்லாம் சாப்பிடக் கூடாது?" என்றுதான். வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு வரும் மகன்களும் மருமகள்களும் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டே கேட்பார்கள். திருநெல்வேலி வட்டாரத்தில் இந்தத் தொழிலைச் செய்துவரும் நான், பதில் சொல்லும் முன் ஒன்றைக் கேட்டு எழுதிக்கொள்வேன்: இதுவரை யார் யார், என்னென்ன கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள்?

எழுபது வயதைத் தாண்டியவரின் பட்டியல் அநேகமாக இப்படி இருக்கும். சர்க்கரைக்குப் பார்த்தவர் சோற்றையும் பழத்தையும் குறைத்திருப்பார். இதயத்துக்குப் பார்த்தவர் தேங்காயையும் முட்டையையும் நிறுத்தியிருப்பார். ரத்த அழுத்தத்துக்காக உப்பு போயிருக்கும். யூரியா கொஞ்சம் கூடியிருக்கிறது என்று பருப்பு போயிருக்கும். உருளைக்கிழங்கும் உளுந்தும் வாயு, மூட்டு வலிக்கு ஆகாது என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்லியிருப்பார். சளி பிடிக்கும் என்று தயிர் போயிற்று, செரிக்காது என்று கடலை போயிற்று, வாட்ஸ்அப்பில் வந்த காணொளியைப் பார்த்துப் பாலும் போயிற்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு. சில காரணங்கள் நியாயமானவையும்கூட. ஆனால் எல்லாம் போக மிஞ்சுவது ரசஞ்சோறு, இட்லி, காப்பி, அதில் முக்கித் தின்ன இரண்டு பிஸ்கெட்.

"என்னத்த சாப்பிடுதேன் தாயி, ஒரு கை சோறு, கொஞ்சம் ரசம். வயசான காலத்துல இது போதாதா?" என்று கேட்காத ஆச்சி இல்லை. போதாது என்று அவருக்கும் வீட்டாருக்கும் புரியவைப்பதில்தான் என் வேலையின் பெரும்பகுதி கழிகிறது.

அதற்கு நான் கணக்கைத்தான் நம்புகிறேன். ஐம்பது கிலோ எடையுள்ள ஓர் ஆச்சியை எடுத்துக்கொள்வோம். காலையில் இரண்டு இட்லி: புரதம் 4 கிராம். சட்னிக்குத் தாராளமாக 2 கிராம். இரண்டு வேளைக் காப்பியில் ஊற்றும் பாலுக்கு 6 கிராம். மதியச் சோற்றுக்கு 75 கிராம் அரிசி என்று வைத்தால் 6 கிராம். ரசத்துக்கும் மோருக்கும் சேர்த்து 2. பிஸ்கெட்டுக்கு 1. ராத்திரி மறுபடி இரண்டு இட்லி, 4. கூட்டினால் 25 கிராம். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் வெளியிட்ட அளவுப்படி, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். அதாவது ஆச்சிக்கு நாளொன்றுக்கு 41 கிராமுக்கு மேல். முதியோர் மருத்துவ வல்லுநர்கள் அதுவும் போதாது, கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்கிறார்கள். அப்படிப் பார்த்தால் 50 முதல் 60 கிராம். ஆச்சி சாப்பிடுவது அதில் பாதிதான்.

வயதானால் தேவை குறையும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். நடமாட்டம் குறைவதால் மாவுச்சத்தின் தேவை உண்மையாகவே குறைகிறது. புரதத்தின் கதை வேறு. ஒரே அளவு புரதத்தைச் சாப்பிட்டாலும், இளைஞரின் உடம்பு அதைத் தசையாக்குகிற அளவுக்கு முதியவரின் உடம்பு ஆக்குவதில்லை; அதே பலனுக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது. கொடுக்காவிட்டால் தசை கரையும். இந்தத் தசைத் தேய்வுக்கு 1989-ல் அமெரிக்க ஊட்டச்சத்து அறிஞர் இர்வின் ரோசன்பெர்க் 'சார்கோபீனியா' என்று பெயர் வைத்தார். நம் வீடுகளில் அதை நோயாக யாரும் பார்ப்பதில்லை. "அம்மா தளந்துட்டாவ" என்பதோடு விட்டுவிடுகிறார்கள். தளர்ந்தவர் குளியலறையில் விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, ஆம்புலன்ஸில் வரும்போதுதான் அவருடைய தட்டை நான் விசாரிக்க நேர்கிறது.

என் பையில் எப்போதும் கிடப்பது ஒரு தையல்காரர் டேப். படுத்தபடுக்கையாக இருப்பவரை எடைமேடையில் ஏற்ற முடியாது. கெண்டைக்காலைச் சுற்றி அளந்துவிடலாம். அதன் பருத்த இடத்தில் 31 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் ஊட்டக்குறைவைச் சந்தேகிக்க வேண்டும். முதியோர் ஊட்டநிலையைச் சோதிக்க உலகம் முழுக்கப் பயன்படும் எம்.என்.ஏ. என்ற வினாப்பட்டியலிலும் இந்த 31 இருக்கிறது. வீட்டில் டேப் இல்லையென்றாலும் அடையாளங்கள் உண்டு. வளையல் முழங்கை வரை ஏறுகிறதா? மோதிரத்தில் நூல் சுற்றியிருக்கிறதா? ஜாக்கெட்டைப் பிடித்துத் தைத்திருக்கிறார்களா? நன்றாக இருந்த பல்செட் திடீரென்று ஆடுகிறதா? ஆறு மாதத்தில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு தானாகக் குறைந்திருந்தால், "சுகர் கன்ட்ரோல்ல இருக்கு, உடம்பு மெலிஞ்சிருக்கு" என்று சந்தோஷப்படக் கூடாது. உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அளப்பதைவிடக் கடினம் கேட்பது. "நேத்து என்ன சாப்பிட்டீங்க?" என்று ஆச்சியிடம் கேட்டால், பதில் மருமகளிடமிருந்து வரும், அதில் பருப்பு, கீரை, முட்டை எல்லாம் இருக்கும். மருமகள் பொய் சொல்வதில்லை. அவர் சொல்வது அடுப்பில் இருந்ததை. எனக்கு வேண்டியது தட்டுக்கு வந்து வயிற்றுக்குள் போனதை. அதனால் மருமகளை மருந்துக் கடைக்கு அனுப்பிவிட்டு மறுபடி கேட்பேன். "அவ எல்லாம் வைக்கத்தான் செய்யா. எனக்குத்தான் மெல்ல முடியல. மிச்சம் வச்சா வருத்தப்படுவான்னு முதல்லயே வேண்டாம்னுருவேன்." இந்த ஒரு வரிக்காகத்தான் அந்த மருந்துக் கடைப் பயணம்.

மெல்ல முடியவில்லை என்றால் வாயைத் திறந்து பார்த்துவிட வேண்டும். பல்செட் வைத்திருப்பவர்களில் எத்தனையோ பேர் அதைக் கல்யாண வீட்டுக்கும் போட்டோவுக்கும் மாட்டுகிறார்கள். சாப்பிடும்போது கழற்றித் தண்ணீரில் போட்டுவிடுகிறார்கள். ஈறு சுருங்கிச் செட் பொருந்தாமல் போனதுதான் காரணம். பல் மருத்துவரிடம் ஒரு முறை போனால் தீரக்கூடிய பிரச்சினை, ஒருவரை ஆண்டுக்கணக்கில் ரசஞ்சோற்றிலேயே நிறுத்திவைத்திருக்கும்.

தாத்தாக்களின் பிரச்சினை வேறு மாதிரி. மனைவி இருக்கும் வரை நேரத்துக்குத் தட்டு வந்தது. அவர் போன பிறகு, மகன் வெளிநாட்டில், மகள் சென்னையில், வீட்டில் ஒரு கேஸ் அடுப்பும் பால் காய்ச்ச மட்டும் தெரிந்த ஒரு மனிதரும். அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் காலையில் ரொட்டி, மதியம் ஹோட்டல் பொட்டலம், அதிலேயே மிச்சம் வைத்து ராத்திரிக்கு என்று காலம் தள்ளினார். அவரிடம் சத்துப் பட்டியலை நீட்டினால் மடித்துப் பையில் வைத்துக்கொள்வார், அவ்வளவுதான். "சார், குக்கர்ல சாதம் வைக்கும்போது அடுக்குல ஒரு கிண்ணம் பருப்பும் ரெண்டு முட்டையும் வையுங்க. மூணும் ஒரே சமயத்துல வெந்துரும்" என்று சொல்லி, எத்தனை விசில் என்றும் எழுதிக் கொடுத்தேன். அடுத்த முறை வந்தபோது, "பருப்புக்கு இன்னும் ஒரு விசில் வேணும்மா" என்று என்னைத் திருத்தினார்.

மெல்ல முடியாதவருக்கும் செலவு செய்ய முடியாதவருக்கும் ஏற்ற சமையல் எங்கள் பக்கத்தில் ஏற்கெனவே இருக்கிறது. தொலி உளுந்து போட்ட உளுந்தஞ்சோற்றை எடுத்துக்கொள்ளுங்கள்: இரண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, பூண்டு, வெந்தயம், தேங்காய், தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். ஐம்பது கிராம் அரிசியும் இருபத்தைந்து கிராம் உளுந்தும் சேர்ந்த சின்னத் தட்டிலேயே பத்து கிராம் அளவுக்குப் புரதம் வந்துவிடும். அரிசியில் குறைவான லைசின் உளுந்தில் உண்டு. உளுந்தில் குறைவான மெத்தியோனின் அரிசியில் உண்டு. எள், எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து தரும். குழைய வேகவைத்தால் பல் இல்லாதவரும் சாப்பிடலாம். வயதுக்கு வந்த பெண்ணுக்குக் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் சேர்த்து உளுந்தங்களி கிண்டிக் கொடுக்கத் தெரிந்த வீட்டில், இடுப்பெலும்புக்கு ஆபரேஷன் முடிந்து வந்த பாட்டிக்கு ஏன் அரிசிக் கஞ்சி மட்டும் போகிறது என்று கேட்பேன். "புண்ணு சீழ் வச்சிரும்னு முட்டை, மீனெல்லாம் குடுக்கல" என்பார்கள். புண் ஆறவே புரதம்தான் வேண்டும். அதோடு, 2007-ல் வெளியான ஓர் ஆய்வில் ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்கையில் வைத்துப் பார்த்தபோதே கால்களில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை குறைந்தது. ஆபரேஷன் ஆனவர் பத்தியமும் இருந்தால் எழுந்து நடக்கக் காலில் என்ன மிஞ்சும்?

மீன் சாப்பிடுகிறவர்களுக்கு வேலை எளிது. முள் எடுத்து மசித்த சாளையும், முள்ளோடு தின்கிற நெத்திலியும் ஒரு வேளைக்குப் பன்னிரண்டு, பதினைந்து கிராம் புரதம் கொடுத்துவிடும். சைவ வீடுகளில் காலை இட்லியோடு பொட்டுக்கடலைத் துவையலைக் கெட்டியாக அரைக்கச் சொல்வேன். சாயங்காலப் பிஸ்கெட் இருந்த இடத்தில் குழைய அவித்த பாசிப்பயறு. ராத்திரி படுக்கும் முன் ஒரு தம்ளர் பால். மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுப்பது முக்கியம். மதியம் மொத்தமாகக் கொட்டினால் வயிறு தாங்காது. முட்டையை நிறுத்தியவர்களுக்கு ஒரு செய்தி: கொலஸ்ட்ரால் சரியாக உள்ள முதியவர்கள் நாளுக்கு இரண்டு முட்டை வரை சாப்பிடலாம் என்று அமெரிக்க இதயச் சங்கத்தின் 2019 அறிக்கையே சொல்கிறது. விலை கூடிய பவுடர் டப்பாக்களோடு வருகிறவர்களிடம், டப்பாவின் பின்பக்கத்தில் சர்க்கரை எத்தனை கிராம் என்று வாசிக்கச் சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கூடாது என்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. சில தடைகள் உயிர்காப்பவை. அவற்றுக்கும் அளவும் காலமும் உண்டு. சிறுநீரக நோயில் இது பளிச்சென்று தெரியும். டயாலிசிஸ் தொடங்காத நோயாளிக்குப் புரதத்தை மட்டுப்படுத்தச் சொல்வோம். டயாலிசிஸ் தொடங்கிவிட்டால் விதி தலைகீழாகிவிடும். ஒவ்வொரு முறையும் ரத்தத்திலிருந்து அமினோ அமிலங்கள் வெளியேறுவதால் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை கொடுத்தாக வேண்டும். ஆனால் 'பருப்பு, முட்டை கூடாது' என்ற பழைய சீட்டு வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியபடியே இருக்கும். வாரம் இரண்டு மூன்று முறை டயாலிசிஸுக்கு வரும் ஒருவர், அந்தச் சீட்டுக்குக் கட்டுப்பட்டு எலும்பும் தோலுமாக ஆகியிருப்பார். அதே மனிதருக்கு, உடம்புக்குக் குளிர்ச்சி என்று அன்போடு இளநீர் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். இளநீரில் பொட்டாசியம் அதிகம். பழுதான சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாது. இதயத் துடிப்பே நின்றுபோகும் ஆபத்து உண்டு.

உப்பும் அப்படித்தான். நாளுக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அதைத் தாண்டவைப்பவை ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர். இவற்றைக் குறைக்காமல், சோற்றிலும் குழம்பிலும் இருக்கிற உப்பை ஒரேயடியாக எடுத்துவிடுகிற வீடுகள் உண்டு. உப்பில்லாத கஞ்சி, கூடவே ரத்த அழுத்தத்துக்கான நீர் மாத்திரை, நாலு நாள் வயிற்றுப்போக்கு. மூன்றும் சேர்ந்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். "அம்மாவுக்கு மறதி நோய் வந்துட்டு, என்னையே யாருன்னு கேக்காவ" என்று கூட்டிக்கொண்டு வருவார்கள். மருத்துவர் சோடியத்தைச் சரிசெய்ததும் ஆச்சி மகன் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார்.

சர்க்கரை நோயாளிகளில் முதியவர்களிடம் நான் அதிகம் பயப்படுவது ஏறுகிற சர்க்கரைக்கு அல்ல, இறங்குகிற சர்க்கரைக்கு. ராத்திரி அரை இட்லியோடு எழுந்துவிடுவார்; மாத்திரையை மட்டும் தவறாமல் போடுவார். விடிகாலையில் வியர்த்து, உளறி, கட்டிலிலிருந்து விழுவார். தளர்ந்த முதியவர்களுக்கு மூன்று மாதச் சராசரியான எச்பிஏ1சி 8 சதவீதம் வரை இருக்கலாம் என்று சர்க்கரை மருத்துவர்களே விட்டுக்கொடுப்பது இதனால்தான். கேப்பையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நூறு கிராம் கேப்பையில் 350 மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்புச் சத்து உண்டு; எலும்புக்கு மிக நல்லது. ஆனால் நைசாக அரைத்துக் கஞ்சியாகக் குடித்தால் சர்க்கரையை விறுவிறுவென்று ஏற்றும். அடையாகவோ புட்டாகவோ, பக்கத்தில் பயறோ முட்டையோ வைத்துச் சாப்பிட்டால் அந்த வேகம் மட்டுப்படும்.

காப்பியை நான் யாரிடமும் பிடுங்குவதில்லை. நேரத்தை மட்டும் மாற்றுவேன். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, காப்பிக்கு அரை மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையைக் காப்பியோடோ சுண்ணாம்புச்சத்து மாத்திரையோடோ போட்டால் அது உடம்பில் சேராது. மெட்ஃபார்மினும் நெஞ்செரிச்சல் மாத்திரையும் பல ஆண்டுகள் சாப்பிடுகிறவருக்கு, அதிலும் சைவமாக இருந்தால், பி12 குறைந்து காலில் எரிச்சலும் மறதியும் வரலாம். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

தண்ணீரில் இரண்டு சிக்கல். வயதானால் தாகம் மந்தமாகிவிடும். தாகமே எடுக்காமல் உடம்பு வறண்டு போகும். அதோடு, ராத்திரி எழுந்து போகப் பயந்து பகலிலும் குடிக்காமல் இருப்பார்கள். குடிப்பதைச் சாயங்காலத்துக்குள் முடித்துக்கொள்ளச் சொல்வேன்; இதயமும் சிறுநீரகமும் பலவீனமானவர்களுக்கு மருத்துவர் சொன்ன அளவுதான். பக்கவாதம் வந்து விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்கோ தண்ணீரே எதிரி. சாப்பிடும்போது அடிக்கடி புரையேறுகிறது என்றால் வீட்டார் சோற்றை நிறுத்திவிட்டுத் தண்ணீரும் பாலும் கொடுப்பார்கள். ஆனால் நீர்த்த பானம்தான் நழுவி மூச்சுக்குழாய்க்குள் போகும். நிமிர்த்தி உட்காரவைத்து, கூழ்ப் பதத்தில், சின்னக் கரண்டியில் கொடுப்பது பத்திரம்.

பணம் இல்லாதவர்களிடம் முட்டை, மீன், பால் என்று அடுக்க எனக்கு நா எழாது. அங்கே ரேஷன் அட்டையிலிருந்து தொடங்குவேன். கிலோ 30 ரூபாய்த் துவரம் பருப்பு அட்டைக்கு மாதம் ஒரு கிலோ. தனியாக வாழும் ஒருவருக்கு அது நாளுக்கு 33 கிராம். 7 கிராம் புரதம். "எனக்கெதுக்கு, மகன் வீட்டுக்குக் குடுத்துட்டேன்" என்கிற ஆச்சியிடம் அந்த ஒரு கிலோவை மட்டும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்வேன். 1982-ல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் மறு ஆண்டே முதியோர் உதவித்தொகை பெறுபவர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. உதவித்தொகை 2023-ல் 1,200 ரூபாயாக உயர்ந்தது என்பது தெரிந்த அளவுக்கு, மதிய உணவுக்கும் தமக்கு உரிமை உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. தெரிந்தவர்களிலும் சிலர், "சின்னப் பிள்ளைக கூட உக்காந்து சாப்பிடக் கூச்சமா இருக்கு" என்கிறார்கள்.

முதியவர் ஒருவரை முழு ஆளாகப் பார்க்க வேண்டும் என்ற மருத்துவத் துறை நம் நாட்டில் சென்னை அரசு பொது மருத்துவமனையில்தான் வேர்விட்டது. டாக்டர் வி.எஸ். நடராஜனின் முயற்சியில் 1978-ல் அங்கே முதியோருக்கெனத் தனிப் புறநோயாளிகள் பிரிவு வந்தது. கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மையம் 2024-ல் திறக்கப்பட்டிருக்கிறது. ஆனால் சேரன்மகாதேவியிலோ தென்காசியிலோ இருக்கும் ஓர் ஆச்சிக்கு இன்றும் சர்க்கரைக்கு ஒருவர், இதயத்துக்கு ஒருவர், மூட்டுக்கு ஒருவர்தான். ஒவ்வொருவரும் தம் உறுப்புக்கு நல்லதென்று ஒன்றை எடுக்கிறார்கள். எல்லாரும் எடுத்த பிறகு தட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்க ஆள் இல்லை.

அந்த ஆளாக வீட்டில் உள்ள ஒருவர் இருக்கலாம்; அதற்குப் படிப்பு வேண்டாம். மாதம் ஒரு முறை எடை பார்த்துக் காலண்டரில் குறித்துவையுங்கள். எல்லா மருத்துவரின் சீட்டையும் ஒரே கோப்பில் போட்டு, எங்கே போனாலும் கொண்டு போங்கள். யாராவது ஒன்றைச் சாப்பிடக் கூடாது என்றால் மூன்று கேள்வி கேளுங்கள்: எவ்வளவு காலத்துக்கு? எந்த அளவு வரை? அதற்குப் பதிலாக எதைக் கொடுப்பது? மூன்றாவது கேள்விக்குப் பதில் வாங்காமல் எழுந்து வராதீர்கள். பருப்பை நிறுத்தச் சொல்கிறவர், அந்த இடத்தில் எதை வைப்பது என்றும் சொல்லக் கடமைப்பட்டவர். மருத்துவரானாலும், பக்கத்து வீட்டு அக்காவானாலும், நானே ஆனாலும்.